மீனுக்கேற்ற தூண்டில்



கருவி ஒன்றைத் தேர்ந்தெடுப்பது எளிய செயல் என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். கடைக்குச் செல்கிறோம், விலையைக் கேட்கிறோம், நம் பணத்திற்கு எட்டுகின்றவற்றுள் மிகுந்த விலையுடையதை வாங்கிக்கொண்டு மனநிறைவோடு திரும்புகிறோம். இக்கருவி எந்த வேலைக்கு வந்தது? அவ்வேலையில் இதன் எந்த உறுப்பு முதலில் தளரும்? அது தளர்ந்தால் இழப்பு யாருக்கு? இந்த மூன்று கேள்விகளையும் கேட்டு வாங்குவோர் சிலரே. அவற்றை ஒரு சிறு கருவியைக் கொண்டு இன்று உங்களுக்கு விளக்க விரும்புகிறேன். அக்கருவி ஒரு தூண்டில். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் 'ஸ்ட்ரைப்டு பாஸ்' என்னும் கடல்மீனைப் பிடிப்பதற்கென்று அமைந்த தூண்டில்.

பள்ளிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வாழும் என் மகளின் இல்லத்தில் ஓராண்டு தங்கியிருந்தேன். நான் தூண்டில் பிடித்தவன் அல்லன். கரையில் நின்று பார்த்தவன், அறிந்தோரிடம் கேட்டவன், பல்லாண்டுகள் வகுப்பறையில் இயற்பியல் கற்பித்தவன். ஆதலால் நெம்புகோலும் உராய்வும் எங்கே தென்பட்டாலும் என் கண்கள் அங்கே நின்றுவிடும். அவை இரண்டும் இத்தூண்டிலில் நிறையவே உண்டு.

முதலில் மீனை அறிவோம். வெள்ளி போன்ற இதன் உடலில் செவுள் தொடங்கி வால் வரையில் ஏழு அல்லது எட்டுக் கரிய கோடுகள் ஓடுகின்றன. 'ஸ்ட்ரைப்டு' என்பதற்கு வரியுடையது என்பது பொருள். நாம் இதனை வரிப்பாஸ் என்றே அழைப்போம். கானடாவின் செயின்ட் லாரன்ஸ் ஆறு முதல் புளோரிடாவின் செயின்ட் ஜான்ஸ் ஆறு வரை அட்லாண்டிக் கரையோரம் இது வாழ்கிறது. கடலில் வாழ்ந்தாலும் முட்டையிடுவதற்கு ஆற்றின் நன்னீரை நாடி ஏறும். செசபீக் விரிகுடாவில் கலக்கும் ஆறுகளும், டெலவேர், ஹட்சன் ஆறுகளும் இதன் பிறந்தகங்கள். வசந்த காலத்தில் முட்டையிட்டபின் பெரிய மீன்கள் கரையோரமாக வடக்கே செல்கின்றன. இலையுதிர் காலத்தில் தெற்கே திரும்புகின்றன. முப்பது ஆண்டுகள் வரையிலும் வாழக்கூடிய மீன் இது. தூண்டிலில் அகப்பட்டவற்றுள் மிகப் பெரியதாகப் பதிவானது 2011-ஆம் ஆண்டில் கனெக்டிகட் கரையருகே பிடிபட்டது. அதன் எடை 81 பவுண்டு 14 அவுன்ஸ். நம் கணக்கில் ஏறத்தாழ 37 கிலோ.

ஆசிரியனாகிய எனக்கு இம்மீனிடம் தனியானதொரு மதிப்பு உண்டு. அதன் காரணத்தைக் கேட்டால் நீங்கள் வியப்படைவீர்கள். 1639-ஆம் ஆண்டிலேயே மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் மன்றம் காட், பாஸ் ஆகிய மீன்களை வயலுக்கு எருவாக இடுதல் கூடாது என்று ஆணை பிறப்பித்தது. மக்கள் உண்ண வேண்டிய மீன் மண்ணில் புதையலாகாது என்பது அதன் கருத்து. பின்னர் 1670-இல் பிளிமத் குடியேற்றம், காட் முனையில் பிடிக்கப்படும் பாஸ், கானாங்கெளுத்தி, ஹெர்ரிங் மீன்களால் வரும் வருவாயை ஓர் இலவசப் பள்ளிக்கென்று ஒதுக்கியது. கடலில் நீந்திய மீன் சிறுவர்களுக்கு எழுத்தறிவித்தது! இத்தகைய மீனுக்கு நாம் சிறிது நேரம் செலவிடுதல் தகும் அல்லவா?

இனி, தூண்டிலின் முறையைக் காண்போம். நம் ஊரில் தூண்டில் போடுவோர் முனையில் ஈயக்குண்டு ஒன்றைக் கட்டுவர். எறியும்போது குண்டு முன்னே பறக்கும்; மெல்லிய நூல் அதன் பின்னே செல்லும். இங்கே நாம் பேசுவது ஈத்தூண்டில். இதன் முனையில் இருப்பது, முள்ளின்மேல் இறகும் மயிரும் சேர்த்துக் கட்டிய பொய்யிரை. ஆற்று மீன்கள் உண்ணும் ஈயைப் போலச் செய்யப்பட்டதால் முதலில் அதற்கு 'ஈ' என்று பெயர் வந்தது. கடலுக்கு வந்தபின் அது சிறு மீனைப் போல உருமாறிவிட்டது. பெயர் மட்டும் மாறவில்லை. லெப்டி கிரே என்னும் புகழ்பெற்ற தூண்டில் ஆசான் 1950-களின் பிற்பகுதியில் செசபீக் விரிகுடாவின் வரிப்பாஸ் மீன்களுக்கென்றே இத்தகைய பொய்யிரை ஒன்றை அமைத்தார். 'டிசீவர்', அதாவது ஏமாற்றுவது, என்று அதற்குப் பெயர். 1991-இல் அமெரிக்க அஞ்சல் துறை அதன் உருவத்தை அஞ்சல் தலையில் பொறித்தது.

ஆனால் இறகை எறிந்தால் எவ்வளவு தொலைவு செல்லும்? நீங்களே எறிந்து பாருங்கள், காலடியிலேயே விழும். ஆகவே, கனத்தை முனையில் வைக்காமல் நூலிலேயே வைத்தார்கள். தடித்த உறையிட்ட அந்நூலை எறிநூல் என்று அழைப்போம். கோலை முன்னும் பின்னும் வீசும்போது எறிநூல் சாட்டைபோல் காற்றில் விரிந்து, தன் நுனியிலுள்ள இறகைச் சுமந்து செல்கிறது. எறிநூலின் முதல் 30 அடி எவ்வளவு எடை என்பதைக் கொண்டே அதற்கு எண் இடுகின்றனர். எட்டாம் எண் நூலுக்கு 210 கிரெயின், அதாவது சுமார் பதின்மூன்றரை கிராம். ஒன்பதாம் எண்ணுக்கு 240 கிரெயின். பத்தாம் எண்ணுக்கு 280 கிரெயின். கோலுக்கும் ரீலுக்கும் இதே எண்களே வழங்கும். ஒன்பதாம் எண் நூலுக்கு ஒன்பதாம் எண் கோல் என்பது விதி. எண் பொருந்தாவிட்டால், எவ்வளவு விலையுயர்ந்த கோலும் நூலை விரிக்காது.

அங்கே தூண்டில் கடை ஒன்றில் நான் கேட்ட உரையாடல் ஒன்று இவ்விடத்தில் நினைவிற்கு வருகிறது. கல்லூரி மாணவன் ஒருவன் வந்தான். விடுமுறையில் உழைத்துச் சேர்த்த பணம் அவன் கையில் இருந்தது. கண்ணாடிப் பேழைக்குள் மின்னிய ரீல் ஒன்றைக் காட்டி, "இதைத் தாருங்கள்" என்றான். கடைக்காரர் முதியவர். பேழையைத் திறக்காமலே, "எங்கே மீன் பிடிக்கப் போகிறாய், தம்பி?" என்று கேட்டார். அவன் ஆற்று முகத்துவாரம் என்றான். "படகிலிருந்தா, கரையிலிருந்தா?" "கரையிலிருந்து." "அப்படியானால் முதலில் நல்ல எறிநூல் வாங்கு, அடுத்துக் கோல் வாங்கு, மிஞ்சிய பணத்திற்கு ரீல் பார்ப்போம்" என்றார் அவர். தம்மிடமிருந்த விலைமிக்க பொருளை விற்க மறுத்த அவ்வணிகரைப் பார்த்து நான் வியந்தேன். நல்லாசிரியருக்குரிய இலக்கணம் அவரிடம் இருந்தது. விடை கூறுமுன் அவர் வினாவினார்.

அவர் கூறிய வரிசைக்குக் காரணம் உண்டு. அமைதியான முகத்துவாரத்தில் சிறிய பொய்யிரையை எறிய எட்டாம் எண் கோல் போதும். அலையடிக்கும் திறந்த கரையில், எதிர்க்காற்றில் எறிவதற்கு ஒன்பதாம் எண் வேண்டும். மிகப் பெரிய இரையையும், விரைந்து மூழ்கும் கனத்த நூலையும் கையாளப் பத்தாம் எண் வேண்டும். கோலின் நீளம் பெரும்பாலும் ஒன்பது அடி. எறிநூலிலும் மூவகை உண்டு: மிதப்பது ஒன்று, மெல்ல மூழ்குவது ஒன்று, விரைந்து மூழ்குவது ஒன்று. ஒரே ஒரு நூல்தான் வாங்க இயலும் என்பவனுக்குக் கரையோர வல்லுநர் பலர் மெல்ல மூழ்கும் நூலையே பரிந்துரைப்பர். மேற்பரப்பின் அலை அசைப்பால் இரை அலைக்கழியாமல், அலைக்குச் சற்றுக் கீழே, மீன் திரியும் மட்டத்தில் அது செல்லும். நூல் சரியான ஆழத்தை எட்டாவிட்டால் மீன் இரையைக் காணவே போவதில்லை. காணாத மீனுக்கு ரீல் எதற்கு?

இனி ரீலுக்கு வருவோம். நூலைச் சுற்றி வைக்கும் உருளையே ரீல். காற்றாடி விடும் சிறுவனின் நூல் உருளையை நினைத்துக்கொள்ளுங்கள். காற்று இழுக்கும்போது நூலை விட வேண்டும். தளரும்போது சுற்ற வேண்டும். விடுதலும் சுற்றுதலும் ஆகிய இவ்விரண்டில் எது எளிது, எது அளவோடு நிகழ்கிறது என்பதைக் கொண்டே ரீலை மதிப்பிட வேண்டும்.

சுற்றுதலை முதலில் எடுத்துக்கொள்வோம். மற்றத் தூண்டில் ரீல்கள் பலவற்றில் பற்சக்கரங்கள் உண்டு. ஒரு சுற்றுக்குப் பல சுற்று கிடைக்கும். ஈத்தூண்டில் ரீலில் பெரும்பாலும் அவ்வாறு இல்லை. கைப்பிடியை ஒரு முறை சுற்றினால் உருளையும் ஒரு முறையே சுற்றும். ஆகவே, ஒரு சுற்றில் எவ்வளவு நூல் உள்ளே வரும் என்பது வட்டத்தின் சுற்றளவைப் பொறுத்தது. நூல் சுற்றிய வட்டத்தின் விட்டம் 2 அங்குலமானால் ஒரு சுற்றுக்கு 6 அங்குலத்திற்குச் சற்று மேல் வரும். 4 அங்குலமானால் பன்னிரண்டரை அங்குலம் வரும். மீன் திடீரெனத் திரும்பி நம்மை நோக்கி ஓடிவந்தால் நூல் தொய்யும். தொய்ந்தால் முள் கழன்றுவிடலாம். அந்நேரத்தில் பெரிய வட்டம் இரட்டிப்பு விரைவில் நூலை வாங்கித் தரும். நடுத்தண்டு பருத்த ரீல்களை இன்று பலரும் விரும்புவதற்கு இது முதற்காரணம். பெரிய வட்டத்தில் சுற்றிய நூல் சுருள் சுருளாக முறுக்கிக் கிடப்பதும் குறைவு.

அடுத்தது விடுதல். மீன் இழுக்கும்போது நூல் தாராளமாகவும் ஓடலாகாது. ஓடாமல் நிற்கவும் கூடாது. இதற்காக ரீலுக்குள் ஒரு தடை அமைத்திருக்கிறார்கள். மிதிவண்டியின் பிரேக்கைப் போன்று உராய்வினால் இயங்குவது அது. இங்கே உங்கள் பாடநூல் உதவும். உருளையைத் தடுக்கும் திருப்பு விசை மாறாமல் இருந்தால், நூலின்மீது விழும் இழுப்பு ஆரத்திற்கு எதிர் விகிதத்தில் மாறும். நூல் நிறைந்திருக்கும்போது விட்டம் 4 அங்குலம். தடையை 3 பவுண்டு இழுப்புக்கு அமைத்தோம் என்று கொள்வோம். மீன் ஓடி ஓடி, சுற்றின் விட்டம் 2 அங்குலமாகக் குறைந்தால், நாம் தொடாமலே இழுப்பு 6 பவுண்டாகிவிடும்! நீருக்குள் கிடக்கும் நீண்ட நூலை நீர் தடுப்பதும் அதனோடு சேரும். மீன் எவ்வளவு தொலைவு சென்றதோ அவ்வளவுக்கு நூல் அறுபடும் ஆபத்தும் மிகும். நடுத்தண்டு பருத்த ரீலில் விட்டம் 4-இலிருந்து 3-ஆகவே குறையுமானால் இழுப்பு 4 பவுண்டு அளவிலேயே நிற்கும். ஓர் எளிய விகிதக் கணக்கு ஒரு கருவியின் வடிவத்தையே மாற்றியமைத்ததைப் பாருங்கள்.

தடையின் வலிமையைக் காட்டிலும் அது தொடங்கும் முறை முக்கியம். ஓய்ந்திருக்கும் பொருளை அசைக்கும் உராய்வு, அசைந்தபின் உள்ள உராய்வைவிடப் பெரிது என்று படித்திருக்கிறீர்கள். மட்டமான தடை முதலில் பிடித்து நிற்கும். பிறகு வெடுக்கென்று விடும். அந்த வெடுக்கில்தான் நரம்பு அறுகிறது. ஆகவே, கடையில் ரீலைக் கையிலெடுத்தால், தடையைச் சிறிது இறுக்கி, நூலின் முனையை மெல்ல இழுத்துப் பாருங்கள். துள்ளாமல், விம்மாமல், ஒரே சீராக ஓடத் தொடங்கினால் அது நல்ல ரீல். விலைச்சீட்டு கூறாத செய்தியை உங்கள் விரல் கூறிவிடும்.

மூன்றாவதாக உப்பு. கடல்நீர் உலோகத்தை அரிக்கும். எனவே, மேற்பரப்பில் மின்வேதி முறையால் காப்புப் படலம் ஏற்றிய அலுமினிய ரீல் வேண்டும். உப்புநீரும் மணலும் புகாதவாறு தடை மூடப்பட்டிருத்தல் நலம். வீடு திரும்பியதும் நன்னீரால் கழுவித் தடையைத் தளர்த்தி வைப்பவனிடம் நடுத்தர ரீலும் நெடுங்காலம் உழைக்கும். கழுவாதவனிடம் உயர்ந்த ரீலும் உழைக்காது.

எறிநூலின் நீளம் ஏறத்தாழ 30 கெஜம். அதற்குப் பின்னே, மீன் நெடுந்தொலைவு ஓடினால் விடுவதற்கென்று மெல்லிய டேக்ரான் நூலைச் சுற்றி வைப்பர். இது நம் சேமநூல். வரிப்பாஸுக்கு 20 பவுண்டு அல்லது 30 பவுண்டு வலிமையுள்ள சேமநூல் 150 கெஜம் இருந்தால் போதும் என்பர். உண்மையில் வரிப்பாஸ் மிக நெடிய ஓட்டம் ஓடும் மீன் அன்று. பெரும்பாலும் கரைக்கு அருகிலேயே வலிந்து போராடும். அதனாலேயே முதியவர் அம்மாணவனிடம் விலைமிக்க ரீல் வேண்டா என்றார். ஆனால் கோடையின் இறுதியில் அதே கடலுக்கு வரும் சூரையின் சிற்றினம் ஒன்று அம்புபோல் பாய்ந்து ஓடும். அதை நாடுவோனுக்கு நிறைந்த சேமநூலும் சீரான தடையும் இன்றியமையாதவை. எந்த மீன் என்பது தெரியாமல் எந்த ரீல் என்று சொல்ல இயலாது.

இனி, மிகச் சிறிய உறுப்பைப் பார்ப்போம். எறிநூலுக்கும் பொய்யிரைக்கும் இடையே, மீனின் கண்ணுக்கு எளிதில் புலப்படாத நரம்பு ஒன்று உண்டு. நம் கடற்கரையோர் தங்கூசி என்று கூறும் வகை. முழுத் தூண்டிலிலும் வலிமை குறைந்த கண்ணி இதுவே; மற்றவற்றை இதற்கேற்பவே அளக்க வேண்டும். நரம்பின் வலிமையில் கால் பங்கிற்கு மேற்படாமல் தடையை அமைத்தல் நல்லது. முடிச்சினால் நரம்பு சிறிது வலிமை இழக்கிறது. மீனின் திடீர்த் துள்ளல் இழுப்பைப் பெருக்குகிறது. எஞ்சிய முக்கால் பங்கு இவற்றுக்கான காப்பு. முடிச்சை ஈரப்படுத்தி மெல்ல இறுக்க வேண்டும். உலர்ந்தபடி இறுக்கினால் உராய்வின் வெப்பமே நரம்பைக் கெடுக்கும்.

நரம்பு மெல்லியதாக இருந்தால் திறமை மிகுதி என்று சிலர் எண்ணுகின்றனர். இவ்விடத்தில்தான் நம் மூன்றாம் கேள்வி எழுகிறது: இழப்பு யாருக்கு? 8 பவுண்டு நரம்புக்கு 2 பவுண்டு தடையே வைக்கலாம். 20 பவுண்டு நரம்புக்கு 5 பவுண்டு வைக்கலாம். முன்னதில் மீன் நெடுநேரம் போராடும். பின்னதில் விரைவில் கரை சேரும். நெடுநேரம் போராடிய மீனின் தசைகளில் அமிலம் தேங்குகிறது. அது பிராணவாயுவிற்குத் திணறுகிறது. கோடையில் நீர் சூடேறினால் நீரிலுள்ள பிராணவாயுவும் குறைந்துவிடும். கையிலிருந்து நீந்திச் சென்ற மீன், நம் கண்ணுக்கு மறைந்தபின் இறந்துபோதல் உண்டு.

"பிடித்த மீனை விடுவதேன்?" என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1970-களின் இறுதியில் வரிப்பாஸ் இனம் மிகவும் குன்றிப்போயிற்று. 1984-இல் அமெரிக்கக் காங்கிரஸ் அதனைக் காக்கத் தனிச் சட்டமே இயற்றியது. மேரிலாந்து மாநிலம் 1985 முதல் 1990 வரை அதனைப் பிடிப்பதையே தடுத்து நிறுத்தியது. மக்கள் பொறுத்திருந்தனர்; மீன் பெருகிற்று; 1995-இல் இனம் மீண்டுவிட்டது என்று அறிவித்தனர். ஆனால் 2019-இல் வெளியான ஆய்வு, மீண்டும் அளவுக்கு மிஞ்சிப் பிடிக்கப்பட்டு இனம் குறைந்துவிட்டது என்று கூறிற்று. மேரிலாந்தின் செசபீக் நீர்ப்பரப்பில் அவ்வாண்டு முதல் 2024 வரை ஒவ்வோர் ஆண்டும் குஞ்சுகளின் எண்ணிக்கை சராசரிக்குக் கீழேயே இருந்தது. 2023-இல், கடலில் தூண்டிலிடுவோர் 28 அங்குலத்திற்குக் குறையாமலும் 31 அங்குலத்திற்கு மிகாமலும் உள்ள ஒரு மீனையே ஒரு நாளில் எடுத்துச்செல்லலாம் என்று விதித்தனர். அதாவது, கிடைக்கும் மீன்களில் பெரும்பாலானவற்றைத் திரும்ப விட்டாக வேண்டும்.

விட்டால் பிழைக்குமா? விடப்பட்டவற்றுள் நூற்றுக்கு ஒன்பது இறக்கும் என்று ஆய்வாளர் கணக்கில் கொள்கின்றனர். ஒன்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆயினும் இலட்சக்கணக்கானோர் பிடித்து விடுவதால், 2017-இல் மீன்பிடித்தலால் மாண்ட வரிப்பாஸ் மீன்களில் ஏறத்தாழப் பாதி, இவ்வாறு தூண்டிலிலிருந்து விடப்பட்டு மாண்டவையே! கொல்ல எண்ணாத கைகளால் நேர்ந்த சாவு அது. ஆகவே, தக்க வலிமையுள்ள நரம்பும், சீரான தடையும், வளைந்தும் தளராத கோலும் மீனவனின் வசதிக்காக மட்டும் அமைந்தவை அல்ல. முள்ளின் உட்புறத்தில் பின்னோக்கி நிற்கும் எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிட்டால் மீனை எளிதில் விடுவிக்கலாம். கையை நனைத்துக்கொண்டு தொட்டால் அதன் மேனியின் வழுவழுப்பான காப்பு கெடாது. நீருக்குள்ளேயே வைத்து விடுவித்தால் மூச்சுத் திணறாது. இவற்றிற்குக் காசு வேண்டா, கருத்திருந்தால் போதும்.

மாணவர்களே, கடைக்காரப் பெரியவரின் வரிசையை மீண்டும் நினைவுகூர்வோம். முதலில் மீனையும் இடத்தையும் அறிய வேண்டும், அடுத்து நூல், அதற்கேற்ற கோல், பிறகு அளவான, சீரான, உப்பைத் தாங்கும் ரீல், இவற்றையெல்லாம் அளந்து கட்டும் அளவுகோலாக, வலிமை குறைந்த அந்நரம்பு. உங்களுள் ஒருவர் நாளை மருத்துவராகி ஊசியைத் தேர்வீர். ஒருவர் பொறியாளராகிப் பேருந்தின் பிரேக்கைத் தேர்வீர். ஒருவர் ஆசிரியராகிப் பாடநூலைத் தேர்வீர். விலையும் மினுமினுப்பும் உங்கள் கண்ணைக் கவரும் அவ்வேளையில், இக்கருவியின் மறுமுனையில் இருக்கும் உயிர் எது என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணம் இருந்தால் உங்கள் தேர்வு பெரும்பாலும் பிழையாகாது.